மழைக்கு முன்னம்

ஒக்ரோபர் 4

மாங்குளம் றோட்டில் ஒரு மதகு தாண்டினதும் லான்ட்ரோவரின் ஸ்ரியரிங் கையை விட்டுப் போகப் பார்த்தது. வேகம் 60 இருக்கும். முன்சில்லு இரண்டும் இடமும் வலமுமாக அடித்தன. டாஷ்போட்டில் கிடந்த ஐயாவின் கண்ணாடிக்கூடு கீழே விழுந்தது. பிரேக்கில் கால் வைக்கவில்லை. அக்சிலேற்றரை விட்டுவிட்டு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். 30க்கு இறங்கின பிறகுதான் உதறல் நின்றது. பின்சீற்றில் அக்கா. ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி இருந்தா.

ஒக்ரோபர் 5

நித்திரை இல்லை.

ஒக்ரோபர் 6

ரயரில் இருந்து தொடங்கினேன். நாலுக்கும் காற்று 45 அடித்து வைத்திருக்கிறார்கள். இந்த 110 மொடலுக்கு முன்னுக்கு 28 போதும். 48 வரை அடிப்பது பாரம் ஏற்றும்போது, அதுவும் பின்னுக்கு. குறைத்தேன். முன்சில்லைப் பின்னுக்கும் பின்சில்லை முன்னுக்கும் மாற்றிப் பூட்டினேன். கிரவலில் கொஞ்சம் மெத்தென்று போகிறது. தார் றோட்டில் 65இல் அதே உதறல். ஆக ரயர் இல்லை.

ஒக்ரோபர் 8

வயிற்றில் பிள்ளை இன்னும் தலைகீழாகத் திரும்பவில்லையாம். நவம்பர் 1ஆம் திகதிக்கு முன்னம் வவுனியாவுக்கு வந்து வார்டில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தான் கட்டாரில் இருந்து ஒரு நாளைக்கு நாலு தரம் எடுக்கிறார். "1990க்கு அடிக்கலாம்தானே தம்பி." அம்புலன்ஸுக்கு அடிக்கலாம். ஆனால் குளம் நிரம்பி வான் பாய்ந்து மதகுக்கு மேல் தண்ணி நின்றால் அவர்களும் அந்தக் கரையில்தான் நிற்க வேண்டும். அந்தத் தண்ணிக்குள் இறங்கி வரக்கூடியது ஐயாவின் லான்ட்ரோவர் மட்டும்தான்.

ஒக்ரோபர் 9

ஆவணியில் ஒரு கராச்சில் இதே வருத்தத்துக்கு, உதறலை அடக்குகிற ஸ்ரியரிங் டாம்பர் புதிதாகப் போட்டார்கள். ஒரு மாதம் நல்லாக இருந்தது. இன்றைக்கு அந்த டாம்பரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் றோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். 45இலேயே உதறல் பிடித்துவிட்டது. அப்படியென்றால் எங்கேயோ ஒன்று ஆடுகிறது, அந்த ஆட்டத்தை டாம்பர் இவ்வளவு நாளும் அமுக்கி வைத்திருந்திருக்கிறது. கிருமி உள்ளே கிடக்கப் பனடோல் கொடுத்துக் காய்ச்சலை இறக்கின கதை. கோபமாக வருகிறது. டாம்பரைப் போட்டவர் ஒரு தரமாவது வண்டிக்குக் கீழ் படுத்துப் பார்த்திருக்கலாம். 1996ஆம் ஆண்டு வண்டி. முன் அக்சிலில் மட்டும் எத்தனை இறப்பர் புஷ், எத்தனை போல் ஜொயின்ற்! ஒன்றொன்றாகக் கை வைத்துப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

இனி அப்படித்தான் பார்க்கப் போகிறேன்.

ஒக்ரோபர் 12

ஜக்கில் தூக்கினேன். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்ட இடப்பக்கம் "டொக்" என்றது. அம்மாவைக் கூப்பிட்டுப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்த பிறகும் டொக். மிதித்ததும் நின்றிருந்தால் சில்லு பெயாரிங் என்று விட்டிருப்பேன். நிற்காதபடியால் சுவிவல் பின், சில்லு இடம் வலம் திரும்புகிற அச்சு. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினேன், முன்சில்லு இரண்டையும் இணைக்கிற ரை றொட்டின் எண்ட் இரண்டும் நல்லாக இருக்கின்றன.

அக்சிலைப் பக்கத்துக்கு நகர விடாமல் பிடிக்கிற பனாட் றொட்டின் புஷ்ஷில் லீவரை வைத்து நெம்பினேன். இறப்பர் உள்ளேயே கிழிந்து சுழல்கிறது.

ஒக்ரோபர் 13

முத்தையன்கட்டுப் பக்கம் முகில் இறங்கிக் கிடந்தது. பெய்யவில்லை.

ஒக்ரோபர் 15

கொழும்பு பஞ்சிகாவத்தையில் புஷ் இருக்கிறதாம். போலி வேண்டாம், ஒறிஜினல்தான் வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன். இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள்.

ஒக்ரோபர் 16

வரவில்லை.

ஒக்ரோபர் 17

வரவில்லை. அக்காவின் கால் வீங்கியிருக்கிறது. "உன்ர வண்டியைப் பற்றியே கதைக்காத" என்றா. பிறகு தானே கேட்டா, "சாமான் வந்திட்டுதோ?"

ஒக்ரோபர் 19

வந்தது. லேத்துப் பட்டறையில் பழையதை அழுத்திக் கழற்றிப் புதியதை ஏற்றினார்கள். ஐயா போல்ட் இறுக்குகிற விதம் ஞாபகம் வந்தது. வண்டியை நிலத்தில் இறக்கி, நாலு சில்லிலும் பாரம் இருத்தி, ஒருக்கா முன்னும் பின்னும் உருட்டின பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்குவார். தொங்கலில் இறுக்கினால் நிலத்துக்கு வந்ததும் இறப்பர் முறுகியபடியே நிற்கும், கெதியில் கிழிந்துவிடும். போன தரம் கராச்சில் தொங்கலில்தான் இறுக்கினார்கள், பக்கத்தில் நின்று பார்த்தனான். வாயைத் திறக்காமல் நின்றது என்ர பிழை.

பின்னேரம் ஓடிப் பார்த்தேன். 70வரைக்கும் சரி. 70இல் உதறல்.

ஒக்ரோபர் 20

இன்றைக்கு வண்டியைப் பார்க்கவே போகவில்லை.

ஒக்ரோபர் 21

விடியவே சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். இந்த முறை ஜக் இல்லை, வண்டி தன் பாரத்தில் நிற்கட்டும். அம்மாவைச் சாரதி சீற்றில் ஏற்றினேன். இத்தனை வருசத்தில் அம்மா அந்தப் பக்கம் ஏறினதே இல்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்க பிடிக்கிறது?" என்று கேட்டா. என்ஜினை ஓட விட்டு, நியூற்றலில், ஹாண்ட்பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, ஸ்ரியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்டச் சொன்னேன். நான் ஒவ்வொரு பொருத்திலும் விரலை வைத்துக்கொண்டே போனேன். புது புஷ் அசையவில்லை. ஆனால் அந்த றொட்டை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடிக்கிற சசிப் பக்கத்துப் பிறாக்கெற்றில் போல்ட்டின் தலை மயிரிழை அளவுக்கு இடமும் வலமும் போய் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அசைவு. விரலுக்குத்தான் தெரிந்தது.

போல்ட்டைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போய்க் கிடக்கிறது. கிழிந்த புஷ்ஷோடு எத்தனை மாதம் ஓடினோமோ, அத்தனை மாதமும் போல்ட் இரும்பைத் தின்றிருக்கிறது. அந்த ஓட்டைக்குள் எந்தப் புது புஷ்ஷைப் போட்டாலும் அக்சில் பக்கத்துக்கு நகரத்தான் செய்யும்.

"நிப்பாட்டட்டோ தம்பி?" என்று மேலே இருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

ஒக்ரோபர் 22

ஒட்டுவேலை. பற்றறி வயரைக் கழற்றிவிட்டு, அளவாகத் துளைத்த தடித்த இரும்புத் தட்டு இரண்டு பக்கமும் வைத்து ஒட்டினோம். புது போல்ட் கையால் தள்ளினால் போகவில்லை, தட்டித்தான் போனது. மழை ஒரு பாட்டம்.

ஒக்ரோபர் 24

சுவிவல். ரை றொட்டைக் கழற்றிவிட்டு, அடுத்த வளவு அண்ணை மீன் நிறுக்கிற வில்தராசைக் கொளுவி இழுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் இறுக்கமாக வந்தது. இடப்பக்கம் தராசு முள் எழும்ப முதலே திரும்பிவிட்டது. மேல் பின்னுக்குக் கீழ் இருந்த சிம் தகடு ஒன்றை எடுத்தேன், போதவில்லை. இன்னொன்று, மெல்லியது. இப்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று.

நைலோன் நூல் கட்டி முன்சில்லையும் அளந்தேன். உள்ளுக்குப் பார்க்க வைத்திருக்கிறார்கள், சாதாரண வண்டிக்கு வைக்கிற மாதிரி. எந்நேரமும் நாலு சில்லும் இழுக்கிற இந்த வண்டிக்கு முன்சில்லு கொஞ்சம் வெளியே பார்க்க வேண்டும். ஐயாவின் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழ் பென்சில் கோடு. பக்கத்தில் அவருடைய கிறீஸ் விரல் அடையாளம். அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை.

ஒக்ரோபர் 25

டாம்பர் இல்லாமல் மாங்குளத்தில் ஏ9க்கு ஏறி முறிகண்டிவரை. 50, 60, 70, 80. வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இடச்சில்லை இறக்கினேன். ஒரு குலுக்கு, அவ்வளவுதான். கண்ணாடிக்கூடு வைத்த இடத்திலேயே இருந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அக்காவுக்குக் கச்சான் வாங்கினேன்.

இரவு டாம்பரைத் திரும்பப் பூட்டினேன். அதுக்குரிய வேலையை மட்டும் இனி அது செய்யட்டும்.

ஒக்ரோபர் 27

விடாமல் பெய்கிறது. ஒட்டின இடத்தை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். போல்ட்டில் போட்ட வெள்ளைப் பெயின்ற் கோடு அசையவில்லை.

ஒக்ரோபர் 28

குளம் வான் பாயுது என்று சந்தியில் கதைக்கினம். அத்தான் ஆறு தரம் எடுத்தார். அக்கா உடுப்பு அடுக்கி வைத்திருக்கிறா, சின்னத் தொப்பி ஒன்று மேலே.

ஒக்ரோபர் 29, விடிய 3.20

அக்கா எழுப்பினா. நோவாம், விட்டு விட்டு வருதாம். மழை குறைந்திருக்கு. மதகில் எவ்வளவு தண்ணி என்று தெரியாது. அம்மா பின்னுக்கு ஏறிவிட்டா. முன்சில்லு காற்று பார்த்தேன், 28. கோடு அசையவில்லை.