சீரியஸாத்தான் கேக்குறியா?

"சீரியஸாத்தான் கேக்குறியாப்பா? அப்பீலை வாபஸ் வாங்கணும்னா இப்பவே சொல்லு."

அம்பயராக நான் பேசியது இவ்வளவுதான். ஃபீல்டிங் கேப்டன் என் முகத்தைப் பார்த்தான். திரும்பி ஸ்லிப்பில் நின்றவர்களைப் பார்த்தான். "சீரியஸாத்தான் சார்" என்றான். விரலைத் தூக்கினேன். பத்தாம் நம்பர் பையன் ஒரு பந்துகூட ஆடாமல் திரும்பி நடந்தான். டைம்டு அவுட், அதாவது நேரத்துக்குள் வந்து சேராததால் அவுட்.

லீக்கில் அம்பயராக நிற்பவர்களுக்கு அந்த இரண்டு அணிகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஏரியா, ஒரே நெட்ஸில் பந்து போட்ட பையன்கள், நடுவில் மனஸ்தாபம் வந்து இரண்டு கிளப்பாகப் பிரிந்தவர்கள். அன்றைக்குச் சேஸிங்கில் இன்னும் 14 ரன் வேண்டும். அடுத்தடுத்த பந்துகளில் ஏழாவது, எட்டாவது விக்கெட் போயிற்று. அடுத்து இறங்க வேண்டியவன்தான் அவர்கள் அணிக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தான். கீழ் டிவிஷனில் ஸ்கோரர் என்று தனியாக யார் வருகிறார்கள்? கடைசியில் ஆடுபவன் கையில்தான் நோட்டு.

எட்டாவது விக்கெட் விழுந்ததும் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். வேப்பமரத்தடியில் நடந்ததெல்லாம் பிட்ச்சிலிருந்தே தெரிந்தது. விழுந்த விக்கெட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் நோட்டைக் கைமாற்றினான். கிட் பேகில் இருந்த பேடில் ஒன்று பிடிமானம் போனது. வெல்க்ரோவை அழுத்த அழுத்தப் பிரிந்து வந்தது. அவுட்டாகிப் போனவன் மண்டி போட்டு, தன் ஷூ லேஸை உருவி அவன் கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டினான். பையன் தலையில் ஹெல்மெட், கிளவுஸ் இரண்டும் அக்குளில், மட்டையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் கிரீஸுக்கு வந்தபோது மூன்று நிமிடம் தாண்டி இருபது நொடி ஆகியிருந்தது. மட்டையை எங்கே ஊன்றுவது என்று அவன் என்னிடம் கார்டு கேட்கும் முன்பே அப்பீல் வந்துவிட்டது.

விதியில் சந்தேகமே இல்லை. 40ஆவது விதிப்படி, விக்கெட் விழுந்து மூன்று நிமிடத்துக்குள் அடுத்த பந்தைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும். பேடு கிழிந்தது, ஸ்கோர் எழுதினேன் என்பதற்கெல்லாம் அதில் இடம் கிடையாது. 1997இல் கட்டாக்கில் ஒரிசாவுக்கு எதிராகத் திரிபுராவின் ஹேமுலால் யாதவ் பவுண்டரி ஓரத்தில் பேசிக்கொண்டு நின்று இப்படி அவுட்டானார். 2002இல் தென்னாப்பிரிக்காவில் வாஸ்பர்ட் டிரேக்ஸ் மைதானத்திலேயே இல்லை, அவர் வர வேண்டிய விமானம் தாமதம். காரணம் எதுவானாலும் அவுட் அவுட்தான். ஆகவே நான் கொடுத்த முடிவு இன்றுவரை என்னை உறுத்தவில்லை. அதற்கு முன்னால் கேட்ட கேள்விதான்.

மேட்ச் முடிந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெயித்த கேப்டன் வந்து நின்றான். அதற்குள் எதிரணிப் பெரியவர்கள் இரண்டு பேர் அவனைப் பிடித்து, இப்படி ஜெயிச்சுதான் ஆகணுமா என்று உலுக்கிவிட்டிருந்தார்கள். அவன் குரல் உயரவில்லை.

"அப்பீல் பண்றது என் வேலை சார். அவுட்டா இல்லையான்னு சொல்றது உங்க வேலை. எல்பிக்குக் கேட்டா சீரியஸான்னு கேப்பீங்களா? இதுக்கு மட்டும் ஏன் சார் கேட்டீங்க? ரெண்டு வேலையையும் என் தலையில வச்சிட்டீங்களே."

அப்போது என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். கேப்டன் அப்பீலை வாபஸ் வாங்க 31ஆவது விதி இடம் தருகிறது. அதற்கு அம்பயர் சம்மதிக்க வேண்டும், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் அது நடக்க வேண்டும். நேரம் போய்விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும், அதனால் நினைவுபடுத்தினேன், அவ்வளவுதான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது அந்தப் பதில் அவ்வளவு வலுவாக நிற்கவில்லை. வாபஸ் வாங்கும் உரிமை எல்பிக்கும் உண்டு, கேட்ச்சுக்கும் உண்டு. அங்கே நான் ஒருநாளும் நினைவுபடுத்தியதில்லை. அப்படியானால் இங்கே மட்டும் கேட்டது, இந்த அவுட் கொஞ்சம் கௌரவக் குறைவு என்று நானே முத்திரை குத்தியதுபோல் ஆகாதா? அந்தக் கேப்டன் அதைத்தான் சொன்னான்.

ஆனாலும் முழுக்க அவன் பக்கம் சாயவும் முடியவில்லை. பெரிய ஆட்டத்திலும் கேட்கிறார்களே. 2023 உலகக் கோப்பையில், டெல்லியில், ஹெல்மெட் பட்டை அறுந்து இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் நின்றபோது, சீரியஸாகத்தான் கேட்கிறாயா என்று அம்பயர் தன்னிடம் கேட்டதாக வங்கதேசக் கேப்டன் ஷகிப் பிறகு சொன்னார். சர்வதேச கிரிக்கெட்டில் முதல் டைம்டு அவுட் அது. 2007 கேப் டவுன் டெஸ்ட்டில் கங்குலி வர ஆறு நிமிடம் ஆயிற்று. அம்பயர்கள் நிலைமையைத் தென்னாப்பிரிக்கக் கேப்டன் கிரேம் ஸ்மித்திடம் சொன்னார்கள், அவர் அப்பீல் செய்யவில்லை. அங்கே அப்பீலுக்கு முன்னால் பேசினார்கள். நான் அப்பீலுக்குப் பின்னால், பதினோரு பேர் காது கேட்கக் கேட்டேன். அந்த வித்தியாசம் பெரியதா சின்னதா என்று பல தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஸ்மித்துக்கு முடிவெடுக்க நேரம் இருந்தது. எங்கள் கேப்டன் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டான், நான் அதைத் திரும்ப எடுக்கச் சொன்னேன்.

அவன் வாபஸ் வாங்கட்டும் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேனா? அந்த ஷூ லேஸைப் பார்த்த யாருக்கும் அப்படித் தோன்றியிருக்கும். தோன்றுவது குற்றமில்லை. அது கேள்வியாக வெளியே வரலாமா என்பதில்தான் சிக்கல்.

மறுமுனையில் நின்ற சீனியர் அம்பயருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. "ரெண்டு நிமிஷம் ஆனப்பவே மரத்தடியைப் பாத்து ஒரு குரல் கொடுத்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார். ஒரு அணிக்கு மட்டும் அவசரம் சொல்வது அம்பயர் வேலையா என்றேன். "ஆட்டம் நடக்க வைக்கிறதுதான்யா நம்ம வேலை" என்றார். அவர் கீழ் டிவிஷனில் நின்ற வருடங்களை நினைத்தால் எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கொடுத்திருந்தால், ஃபீல்டிங் கேப்டன் வேறொரு கேள்வியோடு வந்து நின்றிருப்பான்.

அந்தப் பத்தாம் நம்பர் பையன் என்ன செய்தான் தெரியுமா? பேடைக் கழற்றிக் கடைசி ஆட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு, நேரே நோட்டுக்குப் போனான். இன்னிங்ஸ் முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், இதை எப்படி எழுதணும்? பௌலர் பேர் போடணுமா?" என்று கேட்டான். பௌலருக்குக் கணக்கு கிடையாது, டைம்டு அவுட் என்று மட்டும் எழுது என்றேன். தன் பெயருக்கு நேரே தானே எழுதினான், முத்து முத்தான கையெழுத்தில். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் டாஸின்போதே இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிடுகிறேன்: மூன்று நிமிடம் மூன்று நிமிடம்தான், அடுத்து இறங்குகிறவன் நோட்டைப் பிடிக்கக் கூடாது. பேடு விஷயத்தை லீக் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். கிளப்புகளிடம் காசு இல்லாதபோது கமிட்டி என்ன செய்யும் என்று தெரியவில்லை. கேள்வியைப் பற்றி மட்டும் எதையும் முடிவு செய்யவில்லை. இன்னொரு தடவை அப்படி அப்பீல் வந்தால் வாயைத் திறக்காமல் விரலைத் தூக்குவேன் என்று சீனியரிடம் சொன்னேன். "மாட்டே, மறுபடியும் கேப்பே" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.