அடங்கியிருக்கும் பிள்ளை

அயல்நாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்கு, அந்தப் பிள்ளை வீடு வந்து சேரும் நாள் நீண்ட காத்திருப்பின் முடிவு. விண்ணப்பம், வீட்டாய்வு, நீதிமன்ற ஆணை, கடவுச்சீட்டு, விசா என்று ஒவ்வொரு படியாகக் கடந்து வந்தவர்கள் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். குழந்தைக்கோ, தெரிந்த முகங்கள், பழகிய குரல்கள், பக்கத்துக் கட்டில் தோழி, உணவின் மணம், காதில் விழுந்துகொண்டிருந்த மொழி எல்லாம் ஒரே பயணத்தில் இல்லாமல் போகும் நாள் அது. முதல் மாதங்களில் வீட்டில் நடக்கும் பலவற்றுக்கும் இந்த வேறுபாடுதான் காரணம் என்பது என் எண்ணம்.

எங்கள் மகள் நான்கு வயதில் எங்களிடம் வந்தாள். எந்த நாட்டில் பிறந்தாள், ஏன் காப்பகத்துக்கு வந்தாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வளர்ந்தபின் யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும்.

வந்த புதிதில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் "எவ்வளவு சமத்து, அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டாளே" என்று மகிழ்ந்தார்கள். வைத்ததைச் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள், முன்பின் அறியாத விருந்தினரின் மடியிலும் தயங்காமல் போய் உட்கார்ந்தாள். இரவில் விழித்துக்கொண்டால் எங்களைக் கூப்பிடாமல், கண்களைத் திறந்தபடியே அசையாமல் கிடப்பாள். ஓடும்போது விழுந்து முழங்காலில் இரத்தம் வந்தாலும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். எழுந்து, கவுனைக் கீழே இழுத்துக் காயத்தை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்வாள். குழந்தைகள் நல மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, எடை, உயரம், தடுப்பூசி பற்றிய கேள்விகளையெல்லாம் நிறுத்திவிட்டு இதைப் பற்றியே வெகுநேரம் பேசினார். அழுதால் ஒருவர் வருவார் என்று அனுபவத்தில் கண்ட குழந்தைதான் அழும் என்றும், ஒரு பணியாளர் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருக்கும் இடத்தில் வளரும் பிள்ளை அழுகையால் பயனில்லை என்று மிகச் சீக்கிரம் தெரிந்துகொள்கிறது என்றும் விளக்கினார். நாங்கள் அமைதி என்று எண்ணியிருந்தது அவளுடைய பழைய வாழ்க்கையின் பழக்கம்.

இதைப் பற்றி நீண்ட காலம் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரு பிரிவினரின் வளர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார்கள். குடும்பங்களுக்குப் போன குழந்தைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது; அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம், வளர்ப்பவரோடு ஏற்படும் பிணைப்பு கூடுதல் உறுதியாக இருந்தது. நான்கு வயதுப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பது எளிதாக இல்லை. ஆனாலும் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, தாமதமாகத் தொடங்கும் குழந்தைக்கு அதே கவனிப்பு இன்னும் நெருக்கமாகவும் இன்னும் நீண்ட காலமும் தேவைப்படும் என்பதுதான்.

அதனால் வீட்டைச் சிறிதாக்கினோம். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, காயத்துக்கு மருந்து போடுவது எல்லாம் நாங்கள் இருவர் மட்டுமே என்று வைத்துக்கொண்டோம். வரவேற்பு விருந்தைத் தள்ளிப்போட்டோம். காப்பகத்திலிருந்து அவளோடு வந்த போர்வையைப் பல வாரங்கள் துவைக்கவில்லை, அவளுக்குத் தெரிந்த மணம் அதில் மட்டும்தான் மிச்சமிருந்தது. "என் பேத்தியை நான் தூக்கக் கூடாதா?" என்று என் அம்மா கண் கலங்கக் கேட்டார். "தூக்கலாம் அம்மா, கொஞ்ச நாள் போகட்டும், வருகிறவர் யார், எப்போதும் இருக்கிறவர் யார் என்று முதலில் அவளுக்குப் புரியட்டும்" என்றேன். அவருக்கு அது பெரிய வருத்தம்தான், ஆனாலும் விட்டுக்கொடுத்தார். தாத்தா பாட்டிகள் செய்யும் இந்தத் தியாகத்தை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

பிறகு ஒரு கட்டத்தில் அவள் கத்தத் தொடங்கினாள். செருப்பை எறிந்தாள், நான் குளியலறைக்குப் போனால் கதவைத் தட்டிக்கொண்டே அழுதாள். "நன்றாக இருந்த பிள்ளை கெட்டுவிட்டதே" என்றார்கள் சிலர். எங்களுக்கோ அதுதான் முதல் நல்ல செய்தி. அந்த நாட்களில் ஒரு மாலை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு கீறலை விரலில் காட்டி, ஊதச் சொல்லி என்னிடம் கையை நீட்டினாள். ஊதி முடித்ததும் அதே விரலை அவள் அப்பாவிடமும் கொண்டுபோய்க் காட்டினாள்.

மொழி அதற்குள் நழுவத் தொடங்கியிருந்தது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப்போய் வளர்ந்தவர்களை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களால் கொரிய வாக்கியங்களை மற்ற அயல்மொழி வாக்கியங்களிலிருந்து பிரித்தறியக்கூட முடியவில்லை. ஆனால், கைக்குழந்தைகளாகச் சீனாவிலிருந்து கனடாவுக்கு வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், சீன மொழியின் தொனிகளைக் கேட்டபோது அவர்களுடைய மூளை சீனம் பேசுவோரின் மூளையைப் போலவே செயல்பட்டது. பேச்சு போனபின்னும் கேட்டதன் தடம் உள்ளே இருக்கக்கூடும் என்பது எனக்குப் பெரும் ஆறுதல். அவளுடைய முதல் மொழியின் தாலாட்டுகளை இன்றும் வீட்டில் ஒலிக்க விடுகிறோம். அவள் பெயரையும் மாற்றவில்லை.

அயல்நாட்டுத் தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, குழந்தையின் பூர்வீகம், பெற்றோரின் அடையாளம், மருத்துவ வரலாறு ஆகிய தகவல்களைப் பாதுகாக்கும் பொறுப்பை 30ஆம் பிரிவில் அதிகாரிகளுக்குத் தருகிறது. ஆயினும் பாடிய பாட்டு, பிடித்த பொம்மை, தூக்கிய கைகள் ஆகியவை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அழைத்து வரப் போகும் பெற்றோர் அங்கே இருக்கும்போதே இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், பணியாளர்களோடு குழந்தை இருக்கும் படங்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கொண்டுவந்த படங்கள் அவள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கின்றன. அண்மையில் அவற்றுள் ஒன்றைக் காட்டி, தன்னைத் தூக்கி வைத்திருக்கும் பெண்மணி யார், இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டாள். காப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் அவளிடமே கொடுத்துவிடுவோம்.