ராணிப்பேட்டையில் குரோமியம் தேடி மண் எடுத்த அனுபவம்

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை ஒன்றில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்ததைப் பலரும் செய்தியில் படித்திருப்பீர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆறு இடங்களில் துளையிட்டு, நஞ்சு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அறிய மண் மாதிரி எடுக்கும் பொறுப்பு முதன்முறையாகத் தனியாக என்னிடம் வந்தது. தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் தேடியதோ ஆறு இணைதிறன் கொண்டது; அது நீரில் கரைந்து மண்ணுக்குள் நகரும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

கிளம்புமுன் கருவிகளைப் பார்த்ததிலேயே ஒரு நாள் போயிற்று. குரோமியம் பூசிய எதையும் துளைக்குள் விடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகிலும் பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருப்பதால், மண் எடுக்கும் எஃகுக் குழாயின் சுவரைத் தொட்ட மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு, நடுவிலிருக்கும் மண்ணை மட்டும் ஜாடியில் நிரப்ப வேண்டும். துளையிடும் வரிசையையும் மாசு குறைந்த இடத்தில் தொடங்கி, மாசு மிகுந்த இடத்தில் முடியுமாறு வகுத்துக்கொண்டோம்.

புதைந்த மின்கம்பியோ குழாயோ இருக்கலாம் என்பதால் ஒவ்வோர் இடத்திலும் முதல் ஒன்றரை மீட்டரைக் கையாலேயே தோண்டினோம். அதன் பிறகு மூன்று கால் சட்டம் நிறுத்தி, 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, இரண்டாகப் பிளக்கும் மாதிரிக் குழாயை மண்ணுக்குள் இறக்கினோம்.

தவறு நேர்ந்தது இரண்டாவது துளையில். மூன்று மீட்டர் ஆழத்தில் முரம்பு எனும் இறுகிய சரளை மண் தட்டியது, ஆகர் எனும் துளையிடும் திருகு நகரவில்லை. நான் ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த சில நிமிடங்களில், துளையிடும் அண்ணன் வழக்கம்போல் ஒரு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டார். "தண்ணி விட்டாத்தான் மேடம் இறங்கும், எல்லா இடத்துலயும் இப்படித்தான் செய்வோம்" என்றார். கட்டட அடித்தளத்துக்கு மண் பார்க்கும்போது அது சரியான வழிதான். இங்கே அந்தத் தண்ணீர் மேல்மண்ணின் குரோமியத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். அதற்குப் பின் எடுக்கும் மண்ணில் எந்த எண் வந்தாலும் அது மழை செய்ததா நாங்கள் செய்ததா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் நாளே இதை அவரிடம் நான் விளக்கியிருக்க வேண்டும். அந்தத் துளையைக் கைவிட்டோம். நிலத்தடி நீர் வரும் திசைக்கு மேற்புறமாகச் சில மீட்டர் தள்ளி மீண்டும் தொடங்கி, மேல்மண் கீழே உதிராதபடி உறைக்குழாய் இறக்கி, உலர்வாகவே துளைத்தோம். முரம்பைத் தாண்ட அரை நாள் ஆனது. காரணம் தெரிந்தபின் அந்த அண்ணனே யாரையும் குடத்தோடு அருகில் வரவிடவில்லை.

ஒவ்வொரு ஆழத்துக்கும் கையுறை மாற்றினோம். கருவியைப் பாஸ்பேட் இல்லாத சோப்பால் தேய்த்து, குழாய்நீரிலும் பிறகு காய்ச்சி வடித்த நீரிலும் அலசினோம். கடைசியாக அலசிய நீரையும் ஒரு புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கருவி உண்மையில் சுத்தமானதா என்பதற்கு அந்தப் புட்டிதான் சாட்சி. மாலைச் சோர்வில் அதை விட்டுவிடத் தோன்றும், விடக்கூடாது.

ஜாடிகளில் இருந்த மண்ணை உலர்த்தாமல், நான்கு டிகிரியை ஒட்டிய குளிரில் ஐஸ் பெட்டியில் வைத்தோம். ஆறு இணைதிறன் குரோமியத்தை, மண் எடுத்த 30 நாட்களுக்குள் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தாக வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில் பெட்டி மாறியது என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே அதை வண்டியில் ஏற்றினேன்.

கடைசி நாள் முழுவதும் துளைகளை மூடுவதிலேயே கழிந்தது. தோண்டிய மண்ணை மீண்டும் உள்ளே தள்ளாமல் பீப்பாய்களில் அடைத்துவிட்டு, சிமெண்டும், நீர் பட்டால் உப்பும் பெண்டோனைட் களிமண்ணும் கலந்த குழம்பை அடியிலிருந்து மேலாக நிரப்பினோம். நாங்கள் கைவிட்ட அந்தத் துளையைத்தான் முதலில் அடைத்தோம்.