பின்கண்ணாடி டிஃபொகர்: வோல்ட் இருக்கு, சூடு இல்லை

முதலில் இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் பழைய ஜப்பான் ஹச்பேக்கின் பின்கண்ணாடி டிஃபொகர் (கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைப் போக்கும் மெல்லிய கோடுகள்) வேலை செய்கிறது. சுவிட்சைப் போட்டுச் சில நிமிடங்களில் ஆவி கோடு கோடாக விலகி, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்துவிடுகிறது. அடிக்கோட்டின் இடது ஓரம் மட்டும் பாக்கி.

பொனெட்டைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணை கேட்டது, "தம்பி, இஞ்ச என்ன பனியே கொட்டுது, அது இல்லாட்டி என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் மாரியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு ஈரத் துவாயோடு ஐந்து பேர் காரில் ஏறி, மழைக்காகக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால், திருகோணமலை நகரில் நாங்கள் இருக்கும் உவர்மலை வந்து சேருமுன் பின்னால் வருவது பஸ்ஸா ஓட்டோவா என்று தெரியாது. கண்ணாடியின் வெப்பநிலை உள்ளே இருக்கும் ஈரக்காற்றின் பனிநிலைக்கு (ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போனால் ஆவி படியும், அதற்கு உறைபனி தேவையில்லை. முன்கண்ணாடிக்கு ஏசி காற்றைத் திருப்பிவிடலாம், அது ஈரத்தை உறிஞ்சிவிடும். பின்னால் அந்தக் காற்று ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. இரவில் ஏசியைக் கூட்டி வைத்தால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கமும் ஆவி படியும். இரண்டுக்கும் மருந்து கண்ணாடியைச் சூடாக்குவதுதான்.

அறிகுறி இதுதான்: சுவிட்சை அமத்தினால் அதன் விளக்கு எரிகிறது, ரிலே (கண்ணாடிக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்) 'டிக்' என்கிறது, கண்ணாடியில் ஒன்றும் நடப்பதில்லை. இதற்கு முன் ஒரு கராஜில் காட்டியபோது பியூஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக் கோடெல்லாம் போட்டுது, கண்ணாடியைத்தான் மாத்த வேணும்" என்றார்கள். மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. எல்லாக் கோடுகளும் ஒரே நாளில் அறுவது எப்படி என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை. அவை ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருப்பவை, ஒன்று அறுந்தால் அந்த ஒன்று மட்டும்தான் குளிரும். முழுக் கண்ணாடியும் ஒரேயடியாகச் செத்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும்: கரண்ட் வரும் வயர், அல்லது அது பெட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த்.

சுவிட்ச் விளக்கையும் ரிலே சத்தத்தையும் நம்பாதீர்கள். கட்டளை போயிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அவை சாட்சி, கரண்ட் ஓடுகிறது என்பதற்கு அல்ல. அதனால் பியூஸ் பெட்டியில் தொடங்காமல் நேரே கண்ணாடிக்குப் போனேன். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக அகலமான பட்டை ஒன்று ஓடும், அதில் வயர் சொருகும் சின்னத் தகடு ஈயத்தால் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் பெட்டரியில் இருந்து வருவது, மற்றது எர்த். தகடு கழன்று விழுந்திருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள், அடிக்கடி நடக்கும் கோளாறு அது. என்னுடையது இரண்டும் உறுதியாக இருந்தன.

பிறகு மீட்டர். பெட்டரி நெகட்டிவில் இருந்து நீள வயர் ஒன்றை ஆசனங்களுக்கு மேலால் பின்னுக்குக் கொண்டுவந்து மீட்டரின் கறுப்பு முனையை அதில் கட்டினேன். பூட் கதவின் தகரத்தையே எர்த் என்று நம்பி அளந்தால், சந்தேகப்பட வேண்டிய ஒன்றையே அளவுகோலாக வைத்துக்கொள்வதாகிவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, டிஃபொகரைப் போட்டு, சிவப்பு முனையை வரும் பக்கத் தகட்டில் வைத்தால் 13.9 வோல்ட். பெட்டரியிலும் அதே 13.9. நல்ல செய்தி போலத் தோன்றும், ஆனால் இதுவே முதல் துப்பு. இந்தக் கண்ணாடிகள் பொதுவாக 10 முதல் 20 அம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு கரண்ட் ஒரு நீள வயரில் ஓடினால் வழியில் கொஞ்சமாவது வோல்ட் குறைந்தே ஆகவேண்டும். ஒரு சொட்டும் குறையவில்லை என்றால் ஒன்றும் ஓடவில்லை.

சிவப்பு முனையை எர்த் பக்கத் தகட்டுக்கு மாற்றினேன். அங்கே பூச்சியத்துக்குக் கிட்ட வரவேண்டும். வந்தது 13.9! கோடுகளின் நடுவில் தொட்டாலும் அதேதான். வாயை அடைத்த தண்ணீர்க் குழாய் மாதிரி, உள்ளே அழுத்தம் நிறைய இருக்கிறது, ஓட்டம் இல்லை. ஆக பியூஸ், ரிலே, வரும் வயர் எல்லாம் சரி. கோடுகளிலும் குறைந்தது ஒன்றாவது நல்லது, இல்லாவிட்டால் அந்த வோல்ட் மறுபக்கம் வந்து சேர்ந்திருக்காது. அறுந்தது எர்த்.

(எர்த் பக்கத்தில் பூச்சியமும் வரும் பக்கத்தில் பூச்சியமும் காட்டினால் கதை வேறு: அப்போதுதான் பியூஸ், ரிலே, பூட் கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் இறப்பர் குழாய்க்குள் போகும் வயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். கதவைத் திறந்து மூடி மடங்கி மடங்கி அந்தக் குழாய்க்குள் வயர் முறிவது ஹச்பேக்குகளில் சாதாரணம்.)

என் காரில் பூட் கதவின் உள் அட்டையைக் கழற்றியதும் விடை கிடைத்தது. எர்த் வயர் கதவுத் தகரத்தில் ஒரு போல்டால் பூட்டப்பட்டிருக்கிறது. வயரின் முனையில் பச்சைக் களிம்பு, போல்டைச் சுற்றி ஒரே கறள். வயர் முனைக்கும் அதற்குப் பக்கத்தில் சுரண்டி எடுத்த வெறும் தகரத்துக்கும் இடையில் அளந்தால் முழு 13.9 வோல்டும் அங்கேயே நிற்கிறது. நாங்கள் இருப்பது உவர்மலை, எந்தப் பக்கம் காற்றடித்தாலும் கடல் உப்புத்தான் வரும், வாகனத்தில் முதலில் சாவது எப்போதும் எர்த் போல்டுகள். எமரித்தாளால் இரண்டு பக்கமும் மினுங்கும்வரை தேய்த்து, புது வொஷர் வைத்து இறுக்கி, மேலால் கிறீஸ் பூசினேன். சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் சத்தம் ஒரு கணம் கனத்தது, கரண்ட் ஓடுகிறது என்று சொல்லும் அந்தச் சத்தம்தான் வேண்டும்! வரும் தகட்டில் 13.2, எர்த் தகட்டில் 0.1. கண்ணாடியில் கை வைத்தால் இளஞ்சூடு.

அடுத்த கிழமை மழை பிடித்தபோது பார்த்தால் கீழ்ப்பாதியில் சில கோடுகள் மட்டும் ஆவியைப் போக்கவில்லை. முன்னாள் சொந்தக்காரர் ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிமை யாரோ பிளேட்டால் சுரண்டிய அடையாளம் அங்கே இருந்தது. ஃபிலிம் உரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, சூடு காட்டி, மெதுவாக உரியுங்கள், பிளேட் வைத்துக் கோடுகளுக்குக் குறுக்காக இழுக்கவே கூடாது. கண்ணாடியில் அச்சடித்த மெல்லிய வெள்ளிப் பூச்சுத்தான் அந்தக் கோடு, வயர் இல்லை.

அறுந்த இடத்தை ஓம் அளவால் (மின்தடையை அளந்து) கண்டுபிடிப்பது கடினம். 12 கோடுகள் சேர்ந்து ஏறக்குறைய 1 ஓம் என்றால் ஒவ்வொன்றும் 12 ஓம்தான், ஒன்று அறுந்தால் மொத்த அளவு மிகக் கொஞ்சமே மாறும், மலிவு மீட்டரின் வயர்களே அந்த அளவை விழுங்கிவிடும். வோல்ட் அளப்பது சுலபம். சிவப்பு முனையில் அலுமினியத்தாளைச் சுற்றிக்கொண்டு (கூர்முனை கோட்டைக் கீறும்) டிஃபொகரைப் போட்டு, வரும் பக்கத்தில் இருந்து ஒரு கோட்டின் வழியே மெல்ல நகர்த்துங்கள். நல்ல கோட்டில் வோல்ட் படிப்படியாக இறங்கும், நடுவில் ஏறத்தாழப் பாதி. அறுந்த கோட்டில் முழு வோல்டும் அப்படியே நின்று, ஓர் இடத்தில் சடாரென்று பூச்சியமாகும். அந்த இடத்துக்கு வெளிப்பக்கம் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடையாளம் வையுங்கள்.

மூடுவதற்கு வெள்ளித்துகள் கலந்த மின்கடத்தும் பெயின்ட் வேண்டும். இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, கொழும்பில் இருந்து எடுப்பித்தேன், சின்னப் போத்தல், விலை பெரிசு. ஸ்பிரிட்டால் துடைத்து, கோட்டின் மேலும் கீழும் டேப் ஒட்டி, போத்தலை நன்றாகக் குலுக்கி (வெள்ளி அடியில் தங்கிவிடும்), நல்ல கோட்டின் மேலும் கொஞ்சம் ஏறும்படி மெல்லிய பூச்சுகளாகப் பூசினேன். ஒரு முழுநாள் காயவிட்ட பிறகுதான் சுவிட்ச். வடிவாகத் தெரிகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆவி போகிறது. அடிக்கோட்டில் அறுந்தது பட்டையோடு சேரும் மூலையில், அட்டையை மறுபடி கழற்றினால்தான் கை போகும், அது வெயில் வரும்வரை கிடக்கட்டும்.

உங்கள் கண்ணாடியின் மேல் ஓரத்தில் சூடேறாத கோடுகள் ஒன்றிரண்டு இருந்தால் பெயின்டை எடுக்குமுன் அவை இரண்டு பட்டைகளோடும் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேராவிட்டால் பெரும்பாலும் அது ரேடியோ அன்டெனா. டிஃபொகர் 10, 15 நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது என்று பயப்படவும் வேண்டாம், பல கார்களில் டைமர் அப்படித்தான் நிறுத்தும், திரும்ப அமத்தினால் சரி.