நாய்க்கடி ஊசியை ஏன் பாதியில் விடக்கூடாது?

மதுரைத் தெருநாய் கடிச்சு, ரெண்டு ஊசியோட நிறுத்துறவங்க கவனத்துக்கு.

தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாள். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலும் தலா 0.1 மி.லி. ஊசியில் இருக்கும் செத்த ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸை டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் விழுங்கி, அக்குளில் நோய் எதிர்ப்பு செல்கள் கூடும் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், மற்ற செல்களை ஏவும் உதவி டி செல்லிடம் காட்டும். அதே வைரஸைப் பிடித்த, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லும் அந்த டி செல்லிடம் ஒப்புதல் வாங்கணும்: சிடி40 என்ற புரதம் வழியா ஒரு தொடுப்பு, கூடவே இன்டர்லூகின் 21 என்ற ரசாயனச் சேதி. அது கிடைத்தால்தான் வீரியமான ஐஜிஜி, அதாவது வைரஸை முடக்கும் ஆன்டிபாடி. கிடைக்காத பி செல் பெரும்பாலும் செத்துப்போகும். எதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கும் கட்டுப்பாட்டு டி செல் வேறு குறுக்கே நின்று, கண்டதற்கும் ஆன்டிபாடி சுரக்காமல் பார்த்துக்கொள்ளும். கறார் பேர்வழி!

ரெண்டு ஊசியோட நிறுத்தினா இந்த வேலை முழுசா முடியாமல் போகலாம். இதற்கெல்லாம் 7 முதல் 14 நாள் ஆகும். அதனால்தான் ரத்தம் வந்த கடிக்கு, காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற ரெடிமேட் ஆன்டிபாடியைப் போடுறாங்க. முதல் ஊசி போட்டு 7 நாள் தாண்டினால் அது வேண்டாம். சொந்த ஆன்டிபாடி சுரப்பை அமுக்கிவிடும். நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.