கசிவை வெளியே அடைக்காதீர்கள்: எங்கள் குட்டைக்கரையைச் சரிசெய்த கதை

ஒடுகத்தூர் பக்கம் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான மாந்தோப்பில், தாத்தா மண்கரை போட்டு உண்டாக்கிய குட்டை ஒன்று இருக்கிறது. பாசனத்துக்கு போர்வெல் வந்தபின், பிள்ளைகள் நீந்தவும் லீவில் வருகிறவர்கள் தூண்டில் போடவும்தான் அது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழைக்குப் பிறகு கரையின் வெளியடியில் ஈரம் நின்றது. மழை ஈரம் என்றார்கள். மாசி பிறந்தும் அந்த இடத்தில் மட்டும் கோரை பச்சையாக இருந்தது.

பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரைக் கூட்டிவந்தோம். கசியும் நீரை பாட்டிலில் பிடித்துவைக்கச் சொன்னார். தெளிவாக நின்றால் கவனித்துக்கொண்டிருக்கலாம்; மண் படிந்தால் கரை உள்ளே அரிபடுகிறது என்று அர்த்தம். எங்கள் பாட்டிலில் செம்மண் படிந்தது.

பெரியப்பா உடனே, "வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைச்சிடலாம்" என்றார். ஊரில் பலரும் அதைத்தான் செய்வார்கள். அடைத்தால் நீர் கரைக்குள்ளேயே தேங்கி, அழுத்தம் ஏறி, வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். "தண்ணி போகட்டும், மண்ணு போகக்கூடாது" என்றார் பொறியாளர். கசிந்த இடத்தில் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அப்புறம் பெரிய கல் என்று பரப்பினோம். சில நாளிலேயே தெளிந்த நீர் வந்தது.

இது தற்காலிகம்தான். குட்டையை வற்றவைக்க வேண்டும். மோட்டார் போட்டு ஒரே ராத்திரியில் இறைத்துவிடத் தம்பி துடித்தான். அதுவும் கூடாதாம்: நீர் சட்டென்று இறங்கினால், ஊறிய உட்சரிவு தாங்கல் இல்லாமல் சரிந்துவிடும். மதகை லேசாகத் திறந்து, மெல்ல மெல்ல இறக்கினோம்.

தோண்டியபோது காரணம் கிடைத்தது. எப்போதோ வெட்டிய புளியமரத்தின் வேர் மக்கி, கரைக்குள் குழாய் மாதிரி வழி விட்டிருந்தது. அதை முழுக்க எடுத்துவிட்டு, குட்டையின் அடிக்களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஈரம் பார்த்து ரோலர் ஓட்டினோம். ஜேசிபிக்காரருக்கு இது பிடிக்கவே இல்லை. மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும்தான். எங்களுடையது அதில் கால்பங்கு உயரம்கூட இல்லை. ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்களேதான். உடைந்தால் கீழே இருப்பது அடுத்தவர் நெல்வயல். கலங்கலை, அதாவது குட்டை நிறைந்தால் நீர் வழிந்தோடும் இடத்தை, அகலப்படுத்தும்போது அந்த வயல்காரரையும் கூப்பிட்டு, உபரிநீர் எந்த வாய்க்காலில் போகவேண்டும் என்று அவரையே கோடு போடச் சொன்னோம்.