இரவு பதினொரு மணிக்குப் பிறகு கரண்ட் மலிவு

"இரவில் கரண்டைத் தாராளமாகப் பாவியுங்கள்" என்று மின்சாரக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆரோ ஏமாத்துக்காரர். காசு கீசு கட்டிப்போடாதை, தம்பி" என்றார். அவரிலும் பிழையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆருக்கும், கரண்ட் மிஞ்சிப்போய்க் கிடக்கிறது என்றால் சந்தேகம்தான் முதலில் வரும்.

ஆனால் விஷயம் உண்மை. நாங்கள் இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அணு உலைகளிலிருந்து வருகிறது. ஊர் நித்திரையாகிவிட்டது என்பதற்காக அவற்றை நூர்த்துவிட்டுப் படுக்க முடியாது. அந்த நேரத்துக் கரண்டுக்கு ஆள் பிடிக்கத்தான் 2023 மே மாதம் ஒரு புதுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். இரவு 11 முதல் காலை 7 வரை அலகுக்கு 2.4 சதம்; கிழமை நாட்களில் பின்னேரம் 4 முதல் 9 வரை 24 சதம். பிறகு விலைகள் கூடிக் குறைந்தாலும் இரவு மலிவு என்பது மாறவில்லை. பில்லின் அடியில் டெலிவரி, வரி என்று நீளும் பட்டியல் வேறு கதை.

மின்கார் வாங்கின புதிதில் கராஜ் சுவரிலிருந்த சாதாரண பிளக்கில்தான் கொழுவினேன். 120 வோல்ட், 12 அம்பியர். பெருக்கினால் 1.4 கிலோவாட் சொச்சம். 60 கிலோவாட் மணி பற்றரி வெறுமையிலிருந்து நிரம்ப இரண்டு நாள் வேண்டும். மாசி மாதக் குளிரில், பற்றரி தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எனக்கு விசர் வந்தது இங்கேதான். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது 230 வோல்ட்! அதே 12 அம்பியரை அங்கே இழுத்தால் கார் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். இதைச் சொன்னால் வேலையிடத்து வெள்ளையர்கள் சிரிக்கிறார்கள். கனடாவை விட எங்கட வீட்டு பிளக் திறம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

என்ன, அந்தத் திறமான பிளக்கில் யுத்தத்தால் 1990க்குப் பிறகு வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரோடு சாத்தி, அதிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்கு இழுப்போம். பெடலைக் கையால் சுத்துவது என் வேலை. பிபிசி தமிழோசை முடியும் வரைக்கும் ஒரே வேகத்தில் சுத்த வேண்டும். கை சோர்ந்தால் குரல் கம்மிவிடும். முக்கியமான செய்தியில் கம்மினால் மாமாவின் குட்டு தலையில் விழும். பெற்றோலுக்குத் தடை என்பதால் மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சமாகப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் சைக்கிளில் போகிறவனுக்குக் கண் எரியும். எனக்கு அந்த மணம் பிடிக்கும்.

சரி, காருக்கு வருகிறேன். 240 வோல்ட் சார்ஜர் பூட்டலாம் என்று எலெக்ரீசியனைக் கூப்பிட்டேன். நம்மவர்தான். பேஸ்மென்ற்றில், வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பனலைத் திறந்து பார்த்தார். "அண்ணை, 100 அம்பியர்தான் கிடக்கு. மேல ஒரு அடுப்பு, கீழ வாடகைக்காரருக்கு ஒரு அடுப்பு, டிரையர், ஏசி. இதில காரையும் கொழுவினா எங்க போறது?" ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கட ஆக்களின் வீடுகளில் பாதிக்கு இதே கதையாகத்தான் இருக்கும், இரண்டு குசினி இல்லாமல் மோர்ட்கேஜ் கட்ட ஏலாதே. 200க்கு மாற்றச் செலவு கூட. கடைசியில், வீட்டில் கரண்ட் இழுவை கூடினால் காரைத் தானாக நிறுத்தும் ஒரு பெட்டியைப் பூட்டினார். மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, முறைப்படி செய்த வேலை. இப்போது 32 அம்பியரில் இரவு எட்டு மணித்தியாலத்துக்குள் பற்றரி நிரம்பிவிடும்.

இனி ஒரு குறையுமில்லை, பழகிவிட்டோம் என்றுதான் எல்லாருக்கும் சொல்கிறேன். அம்மா மட்டும் பழகவில்லை. படுக்கப்போகும்போது வீட்டில் ஒரு லைற் விடாமல் நூர்ப்பார். கராஜில் பச்சை வெளிச்சம் தெரிந்தால், "ஏன் இது எரியுது?" போன ஆனியில் நடுச்சாமத்தில் இடி முழங்க, எழும்பி வந்து என் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, மின்னல் வெட்டுது. காரின்ர வயரைக் கழட்டு." சார்ஜருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, நிலத்தொடுப்பு இருக்கிறது என்று விளக்கினேன். "றேடியோவுக்கும் அப்பிடித்தான் சொன்னவை" என்றார். எங்கட றேடியோவை இடி ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லிப் பயனில்லை என்று போய்க் கழட்டினேன். காலையில் 61 சதவீதத்தோடு வேலைக்குப் போனேன், போதும்தான்.

கீழே வாடகைக்கு இருக்கிற தம்பியும் மின்கார் வாங்கப் போகிறாராம். பனலில் இடம் இருக்கா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "இரவில சும்மாதானே கிடக்கு, கொழுவுங்கோ" என்று அம்மா சொல்லிவிட்டார்.